தொட்டி மீனுக்கும் மின்விசிறி!
கத்திரி வெயிலில், கண்ணாடித் தொட்டியில் உள்ள தங்க மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பசி என்று எண்ணிச் சிலர் இரை போடுவார்கள். பசி அல்ல, மூச்சுத் திணறல்!

நீர் சூடானால் அதில் கரையும் பிராணவாயு குறையும். 20 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான்.

சின்ன மின்விசிறி போதும். மூடியை எடுத்துவிட்டு வலை போடவேண்டும். இல்லையேல் மீன் துள்ளி வெளியே விழும். காற்று நீரின் மேற்பரப்பில் படட்டும். ஆவியாகும் நீர் வெப்பத்தையும் கொண்டுபோகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது இப்படித்தான். இரண்டு மூன்று டிகிரி குறையும். சென்னைப் புழுக்கத்தில் பலன் கொஞ்சம் மட்டு.

வற்றிய நீரைத் தினமும் நிரப்பவேண்டும். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக்கூடாது. ஐஸ் கட்டியும் வேண்டாம். திடீர்க் குளிரை மீன் தாங்காது. விசிறி தொட்டிக்குள் விழாதபடி இறுக்கிக் கட்டுங்கள்.