நாய்க்கு "கை குடு" பழக்குவோம்

லயத்தில் நாய் இல்லாத வாசல் குறைவு. காவலுக்கு வளர்க்கிறோம், மிச்சச் சோறு போடுகிறோம். ஆனால் தடுப்பூசி போடும் நாளில் பிடிக்கப் போனால் தேயிலைக்குள் ஓடிவிடுகிறது. ஏன்? மனிதர் கை என்றாலே அதற்கு அடிதான் ஞாபகம். இந்தப் பயத்தைப் போக்க ஒரு சின்ன விளையாட்டு இருக்கிறது.

நாய்க்குப் பசிக்கும் நேரம் பார்த்து உட்காருங்கள். ரொட்டித் துண்டொன்றைக் கைக்குள் மூடி, அதன் நெஞ்சுக்கு நேரே தாழ்த்திப் பிடியுங்கள். மோந்து பார்க்கும், நக்கும். கையைத் திறக்க வேண்டாம். பிறகு முன்காலால் தட்டும். தட்டிய உடனே "சரி" என்று சொல்லி ரொட்டியைக் கொடுங்கள். இது பழகியதும், "கை குடு" என்று சொல்லிவிட்டுக் கையை நீட்டுங்கள். ஒரு தடவைக்கு 5 நிமிடம் போதும். வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லையே சொல்ல வேண்டும். காலைப் பிடித்து இழுப்பதோ அடிப்பதோ கூடாது.

கை கொடுக்கப் பழகிய நாயின் கழுத்தையும் காலையும் மெதுவாகத் தடவிப் பழக்குங்கள். வருஷா வருஷம் விசர்நோய்த் தடுப்பூசி போடும்போது அது பயப்படாமல் நிற்கும்.

சிறு பிள்ளைகளைத் தனியே பழக்க விடாதீர்கள். தெரியாத நாயிடமும், குட்டி போட்ட நாயிடமும் போகவே கூடாது. கடித்தாலோ கீறினாலோ, சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நோய் வந்த பின் மருந்தில்லை. வருமுன் காப்பது நம் கையில்.