பெரியவர்களுக்கும் ஏ.டி.எச்.டி.: கண்டறிதலும் செலவைக் குறைக்கும் வழிகளும்

ஆயக்குடி, பழநி, ஒட்டன்சத்திரம் பகுதிகளிலிருந்து புறநோயாளிகள் பிரிவுக்கு வருவோரில் சிலர், "எதிலும் மனம் நிலைப்பதில்லை" என்று கூறுகின்றனர். போட்டித் தேர்வுக்கு ஆண்டுக்கணக்கில் படித்தும் ஒரு பாடத்தைக்கூட முழுமையாக முடிக்க இயலாத இளைஞர், கொய்யா மண்டியில் கணக்கெழுதும்போது மீண்டும் மீண்டும் பிழை செய்து வேலையை இழந்தவர், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்துபோவதால் வீட்டில் அன்றாடம் ஏச்சு வாங்கும் பெண் எனப் பலர் இவ்வாறு வருவதுண்டு. இவர்கள் அனைவருக்கும் ஒரே நோய் உள்ளது என்று கொள்ள இயலாது. எனினும் சிலருக்குச் சிறுவயது முதலே ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மற்றும் மிகைச்செயல்பாட்டுக் கோளாறு இருந்து, அது அறியப்படாமலேயே போயிருக்கலாம்.

"சிகிச்சைக்கு மிகுந்த செலவாகுமாமே" என்ற அச்சத்தால் பலர் மருத்துவரை அணுகுவதில்லை. இக்கோளாறைக் கண்டறிய விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. பொறுமையான உரையாடலும் சிறுவயதைப் பற்றிய சரியான தகவல்களுமே தேவை.

ஏ.டி.எச்.டி. என்றால் என்ன?

இது மூளை வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு நிலை. சோம்பலோ, பொறுப்பின்மையோ, அறிவுக்குறைவோ அன்று. மரபுவழிக் காரணம் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. எனவேதான் குழந்தைக்கு இக்கோளாறு கண்டறியப்படும்போது, "நானும் சிறுவயதில் இப்படித்தான் இருந்தேன்" என்று தந்தையோ தாயோ உணர்வதுண்டு. குழந்தைப்பருவத்தில் தொடங்கும் இந்நிலை பலருக்குப் பெரியவர்களான பின்னும் தொடர்கிறது. உலக அளவில் 100 பெரியவர்களில் ஏறத்தாழ 2 முதல் 3 பேருக்கு இது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது.

பெரியவர்களிடம் காணப்படும் அறிகுறிகள்

• தொடங்கிய வேலையை முடிக்காமல் அடுத்ததற்குத் தாவுதல்
• சாவி, பணப்பை, கைப்பேசி போன்றவற்றை அடிக்கடி தொலைத்தல்
• கட்டணம் செலுத்தும் கடைசி நாள், சந்திப்பு நேரம் ஆகியவற்றை மறத்தல்
• பிறர் பேசும்போது மனம் வேறெங்கோ செல்லுதல்
• பிறர் பேசி முடிக்குமுன் குறுக்கிடுதல், யோசிக்காமல் செலவு செய்தல்
• ஓரிடத்தில் அமர்ந்திருக்க இயலாத உள்பரபரப்பு

குழந்தைகளிடம் ஓட்டமும் துள்ளலுமாக வெளிப்படுவது, பெரியவர்களிடம் வெளியே தெரியாத பரபரப்பாக மாறிவிடுகிறது. பெண்களிடம் துள்ளலைவிடக் கவனச்சிதறலே மிகுந்து காணப்படுவதால், பள்ளிப் பருவத்தில் அது எவர் கண்ணிலும் படாமல் போய்விடுகிறது.

எவ்வாறு கண்டறியப்படுகிறது?

இதற்கென இரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ இல்லை. மனநல மருத்துவர் நேரில் பேசி, அறிகுறிகளை ஆராய்ந்து முடிவு செய்கிறார். 2013இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் ஐந்தாம் பதிப்புக் கையேடு இதற்குப் பரவலாகப் பயன்படுகிறது. அதன்படி, கவனக்குறைவு, மிகைச்செயல்பாடு ஆகிய இரு பிரிவுகளிலும் தலா 9 அறிகுறிகள் உள்ளன. 17 வயதும் அதற்கு மேலும் உள்ளோருக்கு ஏதேனும் ஒரு பிரிவில் குறைந்தது 5 அறிகுறிகள் 6 மாதங்களாவது நீடித்திருக்க வேண்டும். அவற்றுள் சில 12 வயதுக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். வீடு, பணியிடம் என ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் பாதிப்பு தெரிய வேண்டும்.

எனவே மருத்துவரைக் காணச் செல்லும்போது பழைய பள்ளி மதிப்பெண் அட்டைகள் இருந்தால் எடுத்துச் செல்லவும். உங்கள் சிறுவயதை அறிந்த தாய், தந்தை, அண்ணன், அக்காள் எவரேனும் உடன் வருவது பெரிதும் உதவும். உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 6 கேள்விகள் கொண்ட சுயமதிப்பீட்டுப் படிவமும் உள்ளது. ஆயினும் அது, மருத்துவரை அணுகவேண்டுமா என்பதைத் தெரிந்துகொள்வதற்கு மட்டுமே. நோய் உறுதியாயிற்று என்பதற்குச் சான்றன்று.

பிற காரணங்களை முதலில் விலக்க வேண்டும்

தைராய்டு குறைபாடு, இரத்தசோகை, தூக்கமின்மை, குறட்டையுடன் கூடிய உறக்க மூச்சுத்தடை, மனச்சோர்வு, பதற்றம், மதுப்பழக்கம் ஆகியவையும் கவனத்தைக் குலைக்கும். சில மாதங்களாக மட்டுமே கவனம் சிதறுகிறது என்றால், இவற்றில் ஒன்றே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். இவற்றுக்கான அடிப்படைப் பரிசோதனைகளை அரசு மருத்துவமனையிலேயே செய்துகொள்ளலாம்.

எங்கிருந்து தொடங்குவது?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தையோ பழநி அரசு மருத்துவமனையையோ அணுகவும். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் மனநல மருத்துவர் எந்த நாளில், எங்கு வருகிறார் என்பதை அங்கே கேட்டறியலாம். விரிவான மதிப்பீடு தேவைப்படின், திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கப்படுவீர்கள். நேரில் செல்லத் தயங்குவோர் 14416 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். டெலி மானஸ் எனப்படும் இச்சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது.

மருந்துகள்

மெத்தில்பெனிடேட், அட்டோமாக்செட்டின் ஆகிய இரண்டும் முதன்மையான மருந்துகள். மெத்தில்பெனிடேட் விரைவில் பலன் தரும். பசியின்மை, தூக்கக்குறைவு, இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் உயர்தல் ஆகிய பக்கவிளைவுகள் ஏற்படலாம். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் இது வருவதால், எல்லா மருந்துக் கடைகளிலும் கிடைப்பதில்லை; மருத்துவரின் சீட்டு கட்டாயம். அட்டோமாக்செட்டின் மெதுவாகச் செயல்படும்; முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். குமட்டல், வாய் உலர்தல் ஏற்படலாம்.

இதயநோய், உயர் இரத்த அழுத்தம், கருவுற்றிருத்தல் ஆகியவற்றை மருத்துவரிடம் மறைக்காமல் கூறவும். "தேர்வுக்குப் படிக்க உதவும்" என்று நண்பர் தரும் மாத்திரையை உட்கொள்ளக் கூடாது. அது உடல்நலத்துக்கு ஆபத்து, சட்டப்படியும் குற்றமாகும்.

செலவைக் குறைக்கும் வழிகள்

1. ஸ்கேன், மூளை அலைப் பதிவு, கணினித் தேர்வு ஆகியவை அடங்கிய தொகுப்புப் பரிசோதனைக்கு எங்கேனும் வற்புறுத்தினால், "இதன் முடிவால் என் சிகிச்சை எவ்வாறு மாறும்?" என்று கேளுங்கள். வழக்கமான கண்டறிதலுக்கு இவை தேவையில்லை.

2. மதிப்பீட்டு அறிக்கை, மருந்துச்சீட்டு ஆகியவற்றின் நகல்களைக் கேட்டுப் பெறவும். மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 இவ்வுரிமையை அளிக்கிறது. நகல் இருந்தால், மருத்துவமனை மாறும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை.

3. அரசு மருத்துவமனையில் இருப்பிலுள்ள மருந்துகள் இலவசம். ஆனால் இக்கோளாறுக்கான மருந்துகள் எல்லா இடங்களிலும் எப்போதும் இருப்பதில்லை. வெளியே வாங்க நேர்ந்தால், வணிகப் பெயருக்கு மாறாக மருந்தின் பொதுப்பெயரை எழுதித்தருமாறு மருத்துவரிடம் கேட்கவும். மக்கள் மருந்தகத்திலும் முதல்வர் மருந்தகத்திலும் உள்ளதா என விசாரிக்கவும்.

4. மருந்து தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே அடுத்த சீட்டைப் பெறவும். விலை கட்டுப்படியாகவில்லை என்றால் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூறவும். மலிவான மாற்று வழி இருக்கலாம்.

5. மேற்கண்ட சட்டத்தின் 21ஆம் பிரிவு, உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு வழங்கக் கூறுகிறது. எனினும் பெரும்பாலான காப்பீடுகள் உள்நோயாளிச் சிகிச்சைக்கே பொருந்துவதால், புறநோயாளிச் செலவுக்கு வழியுண்டா என்பதை ஆவணத்தைப் படித்து உறுதிசெய்யவும்.

செலவில்லாத உதவிகள்

மருந்து ஒரு பகுதியே. ஒரு நேரத்தில் ஒரே வேலை, பெரிய வேலையைச் சிறு கூறுகளாகப் பிரித்தல், 25 நிமிடம் படித்து 5 நிமிடம் ஓய்வு, கைப்பேசியில் நினைவூட்டும் மணி, சாவிக்கு ஒரே ஆணி, சுவரில் மாட்டிய நாட்காட்டியில் எழுதி வைத்தல் ஆகியவை நன்கு உதவும். படிக்கும்போது கைப்பேசி வேறு அறையில் இருக்கட்டும். போதிய உறக்கமும் அன்றாட உடற்பயிற்சியும் அவசியம். கவனம் சிதறுவோருக்குச் சாலை விபத்து அபாயம் மிகுதி என்பதால், தலைக்கவசமின்றி இருசக்கர வாகனம் ஓட்ட வேண்டாம்.

குடும்பத்தாருக்கு

"அக்கறையே இல்லை" என்ற சொல்லை ஆண்டுக்கணக்கில் கேட்டவர், தம்மைப் பற்றி அவ்வாறே நம்பத் தொடங்கிவிடுகிறார். மனச்சோர்வும் மதுப்பழக்கமும் பல நேரங்களில் அங்கிருந்தே தொடங்குகின்றன. குறை கூறுவதற்கு மாறாக நினைவூட்டுங்கள்; முதல் முறை மருத்துவமனைக்குச் செல்லும்போது உடன் செல்லுங்கள். முப்பது அல்லது நாற்பது வயதில் கண்டறியப்பட்டாலும் சிகிச்சை பலன் தரும். வாழ்வதில் பயனில்லை என்ற எண்ணம் தோன்றினால், காத்திராமல் உடனே 14416 எண்ணை அழைக்கவும் அல்லது அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லவும்.