சொல்லக் கூசிய கடி

வாழ்வாதார உதவிப் படிவத்தை நிரப்பி முடித்து நான் மோட்டார் சைக்கிளை எடுக்கப் போகும்போதுதான், "பிள்ளை, கீழ ஒரே கடியாக் கிடக்கு" என்று மெதுவாகச் சொன்னார் அந்த அம்மா. கிளிநொச்சி மாவட்டத்தில் ஒரு மீள்குடியேற்றக் கிராமம். வயது 52. கணவரை 2009இல் இழந்தவர். கடி தொடங்கி இரண்டு வருடமாம். பாமசியில் வாங்கிப் பூசிய மருந்தெல்லாம் வீண்.

சுகவனிதையர் கிளினிக்கில் செய்த பப் பரிசோதனையில் பிழையில்லை என்றிருந்தது. "அப்ப பயப்பட ஒண்டுமில்லை அம்மா" என்றேன். அது நான் விட்ட பிழை. பப் பரிசோதனை கருப்பைக் கழுத்தின் கலங்களைத்தான் பார்க்கும், பிறப்புறுப்பின் வெளித்தோலில் வரும் நோயைக் காட்டாது என்பது சமூகவியல் படித்த எனக்கு அன்று தெரியாது.

ஐந்து மாதம் கழித்து உள்பாவாடையில் இரத்தம் கண்டு வந்தார். குடும்பநல உத்தியோகத்தர் பார்த்த உடனேயே பெண்நோயியல் வைத்திய நிபுணரிடம் அனுப்பினார். தோல் கடதாசிபோல் வெளிறி, ஓரிடத்தில் ஆறாத புண். விறைக்கும் ஊசி போட்டு இரண்டிடத்தில் சிறு துண்டு எடுத்தார்கள். பயொப்சி என்பது இதுதான். ஒரு துண்டில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றம், மற்றதில் புற்றுநோய்.

"புருசன் இல்லாதவளுக்கு அந்த இடத்தில என்ன வருத்தம் எண்டு சனம் கேக்கும்" என்பதுதான் அவர் இத்தனை நாள் பேசாததற்குக் காரணம். அவருக்கு இருந்தது லைக்கன் ஸ்கிளிரோசஸ் என்ற தோல் நோய். தொற்றாது, உடலுறவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அது உள்ள நூறு பேரில் ஐந்து பேர் வரைக்குப் புற்றுநோயாக மாறலாம். ஒழுங்காகக் களிம்பு பூசினால் அந்த ஆபத்துக் குறையும். வேறு சிலருக்கு எச்.பி.வி. வைரசால் வருகிறது. அந்த வைரசும் எப்போதோ தொற்றிப் பல வருடம் உடலில் கிடக்கக்கூடியது. யாருடைய நடத்தைக்கும் சாட்சியல்ல. 2017 முதல் ஆறாந்தர மாணவியருக்குப் பாடசாலையில் இதற்குத் தடுப்பூசி போடுகிறார்கள். மறுக்காதீர்கள்.

"எல்லாத்தையும் வெட்டிப் போடுவினமோ?" என்று கேட்டார். முன்னொரு காலத்தில் அப்படித்தான். இப்போது புண்ணையும் சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல தோலையும் எடுத்து, தொடையிடுக்கு நிணநீர்க் கணுக்களையும் சோதிக்கிறார்கள். முந்திய மாற்றம் மட்டுமென்றால் மேலாக வெட்டுவதோ லேசரோ போதும். சிலருக்குக் களிம்பே கொடுக்கிறார்கள். இவருடைய கணுக்களில் நோய் இருக்கவில்லை. இருந்திருந்தால் கதிர்ச் சிகிச்சையும் தேவைப்பட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் கஷ்டம். இரண்டாம் கிழமை தையல் ஒருபக்கம் விட்டுவிட்டது. இது பலருக்கும் நடப்பதுதான், ஆனால் அவர் நோய் திரும்பிவிட்டதென்று அழுதார். சலம் போகும் ஒவ்வொரு முறையும் இளஞ்சூட்டு நீர் ஊற்றி, உரஞ்சாமல் ஒற்றித் துடைக்க வேண்டும். குந்தியிருக்கும் மலசலகூடத்தில் அவரால் இருக்கவே முடியவில்லை. நடுவில் துளையிட்ட பிளாஸ்ரிக் கதிரை ஒன்றைத் தேடிக் கொடுத்தோம். இத்தனை மருந்துக்கும் மேலாக அந்தக் கதிரையைத்தான் இன்றும் புகழ்கிறார்! கணுக்களை எடுத்ததால் இடது கால் வீங்குகிறது. இறுக்கமான காலுறை போடுகிறார், தோட்டத்துக்குச் செருப்பில்லாமல் போவதில்லை. கிளினிக்குக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை.

முகாமில் நாலு பேர் பார்க்கக் குறுக்குக்கட்டோடு குளித்துப் பழகிய எங்களில் பலர் எங்கள் உடம்பையே பார்த்ததில்லை. மாதத்தில் ஒரு நாள், கதவைச் சாத்தி, சிறு கண்ணாடியை வைத்துப் பாருங்கள். வெள்ளை, சிவப்பு, கறுப்புத் திட்டு, கட்டி, ஆறாத புண், விடாத கடி, எதுவானாலும் காட்டுங்கள். களிம்பு தந்தும் மாறாவிட்டால், "பயொப்சி செய்ய வேணுமோ?" என்று நீங்களே கேளுங்கள்.

பெயரைப் போடாமல் எழுதச் சொன்னவர் அவர்தான். போன மாதம் கிளினிக்கில் கண்டேன். பக்கத்தில் தலையைக் குனிந்தபடி இன்னொரு பெண்.

"அடுத்த வளவு, பிள்ளை. இவளுக்கும் கடியாம். சொல்லமாட்டன் எண்டு நிண்டவள், இழுத்துக்கொண்டு வந்திட்டன்."