தென்முனைக் கடலில் நண்டு ஏன் இல்லை?

வேலூர் வெயிலில் வாடும் நமக்கு உறைபனிக் கடலைப் பற்றிப் படிப்பதே ஓர் ஆறுதல்! ஆனால் என்னை எழுதத் தூண்டியது வெயிலன்று; நம் விலங்கியல் ஆய்வுக்கூட மேசைமேல் கிடந்த ஒரு வயல் நண்டு. உலகின் கடல்களிலெல்லாம் பரவிய நண்டினம், அண்டார்க்டிகாவைச் சூழ்ந்த கண்டத்திட்டுக் கடலில் மட்டும் குடியேறவில்லை. ஒன்றிரண்டு அகப்பட்டதுண்டு, அவ்வளவே.

முன்பு அங்கே நண்டுகள் இருந்தன. சேமூர் தீவின் பாறைகளில் அவற்றின் புதைபடிவங்கள் கிடைத்துள்ளன. தென் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் விலகிச் செல்ல, அண்டார்க்டிகாவைச் சுற்றிக் குளிர்ந்த நீரோட்டம் ஓடலாயிற்று. சுமார் 3.4 கோடி ஆண்டுகளுக்கு முன் அக்கண்டம் பனியால் மூடப்பட்டது. நண்டுகளும் மறைந்தன.

குளிர் மட்டுமே காரணமா? இல்லை, மக்னீசியமும் சேர்ந்து செய்த வேலை இது. கடல் சாமந்தியைப் பதப்படுத்துமுன் மக்னீசியம் சல்ஃபேட்டால் மயக்குவது நம் மாணவர் அறிந்ததே. கடல் நண்டின் இரத்தத்தில் மக்னீசியம் மிகுதி. நீர் குளிரக் குளிர அதன் மயக்கும் ஆற்றல் கூடுகிறது. இதயம் தளர்கிறது, செவுளுக்கு நீர் இறைக்கும் உறுப்பும் ஓய்கிறது. இறால்களோ மக்னீசியத்தைச் சிறுநீர் வழியே வெளியேற்றிவிடுகின்றன. ஆகவே அவற்றுள் சில இனங்கள் அங்கே பிழைத்துள்ளன.

காலியான வீட்டில் குடியேறியவை ஆம்ஃபிபோடுகளும் ஐசோபோடுகளும். நூற்றுக்கணக்கான இனங்கள்! இவை முட்டைகளை நீரில் விடுவதில்லை. மார்பின் அடியிலுள்ள பையில் சுமக்கின்றன. மிதந்து செல்லும் இளவுயிரி இல்லாததால் குஞ்சுகள் பிறந்த இடத்தைவிட்டு அதிகம் நகர்வதில்லை. பனிப்பாறைகள் முன்னேறியபோது கூட்டங்கள் பிரிந்தன. பிரிந்தவை நாளடைவில் தனி இனங்களாயின. சிலவற்றின் உருவமும் பெரிது. குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் மிகுதியாகக் கரைவதே காரணம் என்பது 1999-இல் தரப்பட்ட ஒரு விளக்கம்.

கிரில்லைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 6 செ.மீ. நீளமே உள்ள இச்சிற்றுயிரை நம்பியே திமிங்கிலமும் பெங்குவினும் வாழ்கின்றன. உணவில்லாக் காலத்தில் இது சட்டை உரிக்கும்தோறும் உடல் சுருங்குகிறது! ஆய்வகத்தில் 200 நாட்களுக்கு மேல் பட்டினி கிடந்தும் பிழைத்திருக்கிறது. டாக்டர் காசிம் தலைமையில் நம் நாட்டின் முதல் அண்டார்க்டிகாப் பயணம் 1981-82-இல் நடைபெற்றது. கிரில்லை ஆராயவென்றே 'சாகர் சம்பதா' கப்பல் 1995-96-இல் சென்று வந்தது.

அண்டார்க்டிகத் தீபகற்பத்தையொட்டிய பள்ளமொன்றில், சற்றே வெதுவெதுப்பான ஆழ்நீரில், அரச நண்டுகள் கூட்டமாக வாழ்வதை 2011-இல் ஆய்வாளர் அறிவித்தனர். மேல்நீரும் சூடேறினால் அவை மேலே வரும். ஓடு நொறுக்கும் பகைவனைக் கோடிக்கணக்கான ஆண்டுகளாக அறியாத உயிர்கள் அப்போது என்ன செய்யும்?

இரத்தத்திலுள்ள உப்பின் அளவு ஓர் உயிரின் ஊரையே முடிவு செய்கிறது என்று படித்தபோது எனக்குப் பாலாறு நினைவுக்கு வந்தது. தோல் கெடாதிருக்க இடும் உப்பு, ஊறவைத்த நீரோடு நம் நிலத்தடி நீரில் கலந்த கதையும், 1996-இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இவ்வட்டாரத்தார் அறிந்தவை. சிறுமியாக இருந்தபோது ஆம்பூர் அருகே ஆற்று ஊற்றில் நண்டு பிடித்ததை என் பாட்டி இன்றும் சொல்வார். மழை நின்றதும் அக்குட்டைகளில் நண்டு தேட நாங்கள் மூவர் செல்லவிருக்கிறோம். நீரின் உப்பை அளந்து தர வேதியியல் துறை நண்பர் ஒருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார், நண்டைத் தொடமாட்டாராம்!