பூப்பந்தும் இறகுப்பந்தும்



ஷட்டில் எனும் இறகுப்பந்தை இன்று அறியாத பிள்ளைகள் இல்லை. கோவை நகரில் உள்ளரங்கு ஆடுகளங்கள் பெருகியுள்ளன. ஆனால் அங்கே மணிக்கணக்கில் வாடகை செலுத்த வேண்டும். அதற்கு வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் என் செய்வர்? அத்தகையோருக்கு நம் தமிழ் மண்ணிலேயே ஓர் ஆட்டம் உண்டு. அதுவே பூப்பந்தாட்டம்.

1856ஆம் ஆண்டிலேயே தஞ்சை அரச குடும்பத்தினர் இதனை ஆடினர் என்பர். பின்னர் புனே நகரில் இறகுப்பந்து ஆடிய ஆங்கிலேய அதிகாரிகளும், காற்று வீசும் வேளைகளில் இறகை விடுத்துக் கம்பளிப் பந்தையே நாடினர். அவர்கள் தாயகம் கொண்டு சென்ற இறகுப்பந்தோ உலகெங்கும் பரவி, 1992இல் பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாயிற்று. மூத்ததான பூப்பந்து இந்தியாவோடு நின்றது. அதற்கான தேசியச் சம்மேளனம் 1954இல் அமைந்தது.

இரண்டிற்கும் வேறுபாடு யாது? இறகுப்பந்து பதினாறு இறகுகள் கொண்டது, 5.5 கிராம் எடையைத் தாண்டாது. சிறு காற்றும் அதைத் திசை மாற்றிவிடும். ஆகவேதான் போட்டிகள் சுவர்களுக்குள் நடைபெறுகின்றன. பூப்பந்தோ மஞ்சள் கம்பளி நூலாலான, கனமான உருண்டை. மட்டையும் சற்றுக் கனமானதே. இறகுப்பந்துக் களத்தின் நீளம் 13.4 மீட்டர், அகலம் 6.1 மீட்டர், அதில் நால்வருக்கு மேல் ஆட இயலாது. பூப்பந்துக் களம் 24 மீட்டர் நீளமும் 12 மீட்டர் அகலமும் உடையது. அணிக்கு ஐவராகப் பதின்மர் ஒரே வேளையில் ஆடலாம்.

கொங்கு நாட்டின் காற்றைத் தாங்கள் அறிவீர்கள். ஆனி, ஆடி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே அது சீறி வரும்போது திறந்தவெளியில் இறகுப்பந்து ஆடுவது வீண் முயற்சி. கம்பளிப் பந்து அக்காற்றை ஓரளவு எதிர்த்து நிற்கும். சமன் செய்த மண்தரை, இரு கம்பங்கள், ஒரு வலை இருந்தால் போதும். கட்டடமோ விளக்கோ தேவையில்லை.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடியதை ஹதீஸ்களில் காண்கிறோம். உடலைப் பேணுவது நம் கடமை. அது ஆண்மக்களுக்கு மட்டும் உரியதன்று. எனவே உக்கடம், கரும்புக்கடை, குனியமுத்தூர் போன்ற பகுதிகளின் ஜமாஅத்துப் பெரியோர், தம் பொறுப்பிலுள்ள பள்ளி மைதானங்களில் ஒரு களம் வகுத்துத் தரலாம். அஸருக்குப் பின் மஃரிப் பாங்கு வரை பையன்கள் ஆடட்டும். பெண்பிள்ளைகளுக்குத் தனி நேரம் ஒதுக்கலாம். பத்துப் பேர் கூடி ஆடும்போது செலவும் பத்தாகப் பகிரப்படும். ஏழைப் பிள்ளை ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்க நேராது, இன்ஷா அல்லாஹ்.