சிங்க் ஒழுகுதா? பூசாதீங்க, முதல்ல எங்கேன்னு பாருங்க!



போன மாதம் நம் கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவின் உணவு வண்டி நான்கு நாள் ஓடாமல் நின்றது. குட்டி யானை வண்டியின் பின்பக்கத்தைச் சமையலறை மாதிரி மாற்றி, தாலுகா ஆபீஸ் பக்கத்தில் எலுமிச்சை சாதம், தயிர் சாதம், கம்பங்கூழ் விற்கிற குழு அது. 12 பேர் சேர்ந்து வங்கிக் கடன் வாங்கிப் போட்ட வண்டி. இன்ஜின் கோளாறு இல்லை, டயர் பஞ்சர் இல்லை. பாத்திரம் கழுவும் சிங்க்குக்கு அடியில் சொட்டிய தண்ணீர்தான் வண்டியை நிறுத்தியது.

நடந்தது இதுதான். சிங்க்குக்கு அடியில் பலகை அடித்த சின்ன அலமாரி. அதை ஒட்டி அதே பலகை மேல்தான் கேஸ் சிலிண்டர் நிற்கிறது. இரண்டு மாதமாகச் சொட்டியது. "சொட்டுத் தண்ணிதானே" என்று ஒரு டப்பாவை வைத்தார்கள். டப்பா நிறைந்து வழிந்தது. தண்ணீர் பலகைக்குள் இறங்கியது. ஒரு நாள் காலையில் புது சிலிண்டரைத் தூக்கி வைத்தபோது பலகை பொதபொதவென்று உள்ளே போய், சிலிண்டர் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டது. நல்லவேளை, அப்போது ரெகுலேட்டர் மாட்டவில்லை. மாட்டியிருந்தால் ரப்பர் ட்யூப் இழுபட்டிருக்கும். அதற்குமேல் நான் சொல்ல வேண்டாம்.

கணக்கையும் பாருங்கள். ஒரு நாளைக்கு 900 ரூபாய் கையில் நிற்கும் வியாபாரம், நான்கு நாள் போனது: 3,600 ரூபாய். புதுப் பலகையும் தச்சர் கூலியும் 1,400 ரூபாய். மொத்தம் 5,000 ரூபாய். கடைசியில் கெட்டுப்போயிருந்தது என்ன தெரியுமா? 15 ரூபாய் ரப்பர் வாஷர்!

பணத்தை விடப் பெரிய நஷ்டம் ஒன்றும் இருந்தது. "நீதான் பாத்திரத்த டொம்முன்னு போடுற", "நீதான் சரியா பூசல" என்று குழுவுக்குள் பேச்சு வந்துவிட்டது. ஆகவே இந்த விஷயத்தை எல்லாக் குழுக்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். வண்டி இல்லாதவர்களும் படியுங்கள். வீட்டு சிங்க்குக்கும் வேலை இதேதான்.

பூசினால் ஏன் நிற்கவில்லை?

நான் போய்ப் பார்த்தபோது அந்தக் குழுவின் ஊக்குநர் அக்கா சொன்னார்: "மேடம், நாலு தடவ எம்-சீல் வச்சாச்சு. மூணு நாள் நிக்குது, திரும்ப ஒழுகுது."

நிற்காது. எம்-சீல் காய்ந்தால் கல் மாதிரி ஆகிவிடும். வண்டியோ ஓடும்போது குலுங்குகிறது. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பைப் ஒரு பக்கம் அசையும், பூசினது அசையாது. உடனே மயிரிழை அளவு விரிசல் விடும். தண்ணீருக்கு அது போதும். அத்தோடு, பூசிய இடத்தைப் பிறகு கழற்றுவதும் கஷ்டம். வெள்ளை சிமெண்ட் பூசினாலும் இதே கதைதான்.

இதில் என் தப்பும் உண்டு. முந்தின மாதம் போனபோது, குனிந்துகூடப் பார்க்காமல், "நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்குங்க அக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர்கள் பிளேயர் போட்டு இறுக்கினார்கள். பிளாஸ்டிக் நட்டு கீறல் விட்டது. பார்க்காமல் யோசனை சொல்லக்கூடாது என்று எனக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது.

சிங்க்குக்கு அடியில் என்னென்ன இருக்கிறது?

மேலிருந்து கீழே வரிசையாகப் பார்ப்போம்.

1. சிங்க் ஓட்டையில் உட்கார்ந்திருக்கும் ஸ்டீல் கிண்ணம். கடையில் இதற்கு வேஸ்ட் கப்ளிங் என்று பெயர். சிங்க் தகட்டுக்கும் இதற்கும் நடுவில் ரப்பர் வாஷர் இருக்கும். அடியில் ஒரு பெரிய நட்டு இதை இறுக்கிப் பிடிக்கும்.

2. கப்ளிங் வாலில் திருகியிருக்கும் வேஸ்ட் பைப். வளைகிற பிளாஸ்டிக் பைப். இதன் நட்டுக்குள்ளும் ஒரு வாஷர் உண்டு.

3. பைப்பின் அடுத்த முனை. வீட்டில் சாக்கடைக் குழாய்க்குள் போகும். வண்டியில் கழிவு நீர் கேனுக்குள் போகும்.

ஒழுகினால் பெரும்பாலும் இந்த மூன்று இடத்தில் ஒன்றுதான். எந்த இடம் என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

மஞ்சள் தண்ணீர் சோதனை

இதற்கு டார்ச், காய்ந்த துணி, பழைய செய்தித்தாள், ஒரு வாளி, ஒரு சிட்டிகை மஞ்சள்தூள் போதும். வண்டி என்றால் முதலில் சிலிண்டரை மூடிக் கழற்றி வெளியே எடுத்து நிமிர்த்தி வையுங்கள். பேட்டரி லைன் சுவிட்சையும் அணைத்துவிடுங்கள்.

முதலில் அடியில் உள்ள எல்லாவற்றையும் துணியால் நன்றாகத் துடைத்துக் காயவிடுங்கள். கீழே செய்தித்தாள் விரியுங்கள். சிங்க்கைப் பயன்படுத்தாமலே அரை மணி நேரம் பாருங்கள். அப்போதே சொட்டினால் கோளாறு குழாயிலோ, குழாய்க்குத் தண்ணீர் வரும் ட்யூபிலோ இருக்கிறது. வேஸ்ட் பைப்பைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

காய்ந்தே இருந்தால், சிங்க் ஓட்டையை மூடி போட்டோ துணி அடைத்தோ அடைத்துவிட்டு, பாதி சிங்க் தண்ணீர் பிடித்து மஞ்சள்தூள் கலக்குங்கள். கால் மணி நேரம் பொறுங்கள். மூடியைத் திறக்காமலே தாளில் மஞ்சள் பொட்டு விழுந்தால் ஒழுகுவது முதல் இடம், அதாவது கப்ளிங் விளிம்பு.

விழவில்லையா? இப்போது மூடியைத் திறந்து தண்ணீரை விடுங்கள். ஒருவர் மேலே இருக்கட்டும், ஒருவர் டார்ச்சோடு கீழே பார்க்கட்டும். நட்டைச் சுற்றி ஈரம் வந்தால் இரண்டாவது இடம். நட்டு காய்ந்திருந்து பைப் நடுவில் நனைந்தால் பைப்பில் விரிசல். கடைசி முனையில் வழிந்தால் மூன்றாவது இடம்.

எப்போதும் மேலிருந்து கீழே பாருங்கள். தண்ணீர் பைப்பைப் பிடித்துக்கொண்டே ஓடி வந்து வேறு இடத்தில் சொட்டும். சொட்டுகிற இடம் ஒன்று, ஒழுகுகிற இடம் வேறு.

சரிசெய்வது எப்படி?

கழற்றும் முன் செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வாஷர் எங்கே, எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று பிறகு குழப்பம் வராது. வாளியை அடியில் வைத்துவிட்டுக் கழற்றுங்கள். பைப்புக்குள் தேங்கிய தண்ணீர் கொட்டும்.

கப்ளிங் விளிம்பு ஒழுகினால்: வேஸ்ட் பைப்பைக் கழற்றிவிட்டு, கப்ளிங்கின் பெரிய நட்டைக் கழற்ற வேண்டும். மேலே ஒருவர் கப்ளிங் சுற்றாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய பூச்சு, அழுக்கு, பிசுக்கு எல்லாவற்றையும் சுரண்டித் துடையுங்கள். இது ரொம்ப முக்கியம். ஒரு பருக்கை அளவு எம்-சீல் மிச்சம் இருந்தாலும் புது வாஷர் படியாது. புது வாஷர் போட்டு, நட்டைக் கையால் இறுகும் வரை திருகி, அதன் பிறகு கால் சுற்று மட்டும் பிளேயரால் திருப்புங்கள்.

பைப் நட்டு ஒழுகினால்: உள்ளே உள்ள வாஷரை எடுத்து மடக்கிப் பாருங்கள். வெடித்திருந்தாலும், காய்ந்து விறைத்திருந்தாலும், ஒரு பக்கம் அமுங்கியிருந்தாலும் மாற்றுங்கள். மறையில் வெள்ளை டேப் சுற்றினால் போதும் என்று நினைப்பார்கள். இந்த இணைப்பில் தண்ணீரைத் தடுப்பது வாஷர்தான். வாஷர் கெட்டிருந்தால் எத்தனை சுற்று டேப் போட்டாலும் பயன் இல்லை. மாட்டும்போது நட்டை முதலில் பின்பக்கமாக மெதுவாகத் திருப்புங்கள். "டக்" என்று மறை உட்காரும். அதன் பிறகு முன்பக்கம் திருகுங்கள். கோணலாக ஏறாது.

பைப் வெடித்திருந்தால்: ஒட்ட வேண்டாம், மாற்றிவிடுங்கள். கடைக்குப் போகும்போது பழைய பைப்பையும் நட்டையும் கையோடு கொண்டு போங்கள். ஒன்றேகால் அங்குலம், ஒன்றரை அங்குலம் என்று இரண்டு அளவு உண்டு. பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும், மாட்டினால் சேராது.

அந்தக் குழுவில் மூன்று பேர் சேர்ந்து கூட்டத்தன்றே இதைச் செய்து முடித்தார்கள். வாஷர் 15 ரூபாய். நட்டு கீறியிருந்ததால் நட்டோடு சேர்ந்த புது பைப் 90 ரூபாய். ஆக 105 ரூபாய். ஊரில் பிளம்பர் இல்லை. டவுனில் இருந்து வந்து போக 600 ரூபாய் கேட்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, பஸ் ஏறி வந்து ஒரு வாஷர் மாட்டுவதற்கு அவருக்கும் அரை நாள் போகிறதே.

முடித்ததும் மூன்று வாளி தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள். பிறகு வண்டியை ஊர் எல்லை வரை ஓட்டிவிட்டு வந்து, புதுத் தாள் விரித்து மறுபடி பார்த்தார்கள். வண்டிக்கு இந்த இரண்டாவது சோதனை அவசியம். நிற்கும்போது ஒழுகாதது குலுங்கிய பிறகு ஒழுகலாம்.

வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்க

பைப்பைத் தொங்க விடாதீர்கள். தண்ணீரோடு சேர்ந்த பைப்பின் கனம் முழுவதும் நட்டில் விழும். நடுவில் ஒரு கிளாம்ப் போட்டுப் பலகையோடு பிடித்துவிடுங்கள். கொஞ்சம் தளர்வாக இருந்தால்தான் குலுக்கலைத் தாங்கும்.

கழிவு நீர் கேனின் மூடியில் பைப் ஓட்டை தவிரக் காற்று போக இன்னொரு சின்ன ஓட்டை வேண்டும். தண்ணீர் உள்ளே போனால் காற்று வெளியே வர வேண்டுமே! வழி இல்லாவிட்டால் சிங்க்கில் தண்ணீர் இறங்காமல் "களக் களக்" என்று நிற்கும். நல்ல தண்ணீர் கேன் 20 லிட்டர் என்றால் கழிவு கேனும் அதற்குக் குறையாமல் இருக்கட்டும். கேனைத் தினமும் காலி செய்யுங்கள். கொசுவும் நாற்றமும் வராது.

பைப்பை ஆங்கில யு எழுத்து போல ஒரு வளைவு விட்டு மாட்டுங்கள். அந்த வளைவில் நிற்கும் தண்ணீர் கேனின் நாற்றமும் கரப்பான் பூச்சியும் மேலே வராமல் தடுக்கும்.

கொதிக்கக் கொதிக்க வடிகஞ்சியைச் சிங்க்கில் ஊற்றாதீர்கள். அந்தச் சூட்டில் பிளாஸ்டிக் பைப் இளகி நெளியும், நட்டும் தளரும். ஆறவிட்டு ஊற்றுங்கள். அடைப்பு எடுக்க ஆசிட் ஊற்றுவதும் வேண்டாம். ஆசிட்டோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் விஷ வாயு வரும். மூடிய வண்டிக்குள் அது ஆபத்து.

இன்னொன்று. நாம் விற்பது சாப்பாடு. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 2011இல் வந்த விதிமுறைகள், சின்ன வியாபாரிகளும் சுத்தத்தையும் கழிவு அகற்றுவதையும் கவனிக்க வேண்டும் என்கின்றன. சிங்க்குக்கு அடியில் ஊறிய பலகையும் பூஞ்சையும் இருந்தால், அதிகாரி வருவதற்கு முன்பே சாப்பிட வருகிறவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள்.

குழு செய்ய வேண்டியது

அந்தக் குழு இப்போது தீர்மானப் புத்தகத்தில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறது.

1. வாரா வாரம் சனிக்கிழமை, வண்டியைக் கழுவும்போது இரண்டு பேர் அடியில் டார்ச் அடித்து, நட்டுகளைக் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும். முறை வைத்து மாறி மாறி.

2. இரண்டு வாஷர், ஒரு பிளேயர், ஒரு டார்ச் எப்போதும் வண்டியில் இருக்க வேண்டும்.

3. 200 ரூபாய் வரை சின்ன ரிப்பேருக்குக் கூட்டம் வரை காத்திருக்க வேண்டாம். அன்று வண்டியில் இருப்பவர் செலவு செய்துவிட்டு ரசீது கொடுக்கலாம்.

மூன்றாவது தீர்மானத்தை நான் மிகவும் பாராட்டுகிறேன். ஏனென்றால் இரண்டு மாதம் அந்தச் சொட்டை யாரும் தொடாததற்குக் காரணம் தெரியாமை மட்டும் இல்லை. "நானா செலவு பண்ணிட்டா நாளைக்குக் கேள்வி வருமோ" என்ற பயமும்தான். அந்த அக்காவே சொன்னார்: "பதினஞ்சு ரூவாய யார்ட்ட கேக்குறதுன்னு இருந்துட்டோம் மேடம். ஐயாயிரம் போச்சு."

சகோதரிகளே, இதை அடுத்த கூட்டத்தில் ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். வண்டியோ கேன்டீனோ நடத்தும் குழுக்கள் மேலே உள்ள மூன்று தீர்மானத்தையும் பேசி முடிவு எடுங்கள். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் சிங்க்குக்கு அடியில் ஒரு பழைய தாளை விரித்து வையுங்கள். காலையில் அது காய்ந்திருந்தால் சந்தோஷம். நனைந்திருந்தால், என்ன செய்வது என்று இப்போது உங்களுக்குத் தெரியும்.