ஸ்டிங்கி ஜெயித்த கதை

2004 ஜூன் மாதம். அமெரிக்காவில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்து நீச்சல் குளம். நீருக்கடியில் இயங்கும் ரோபோக்களுக்கான போட்டி. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழக (எம்.ஐ.டி.) மாணவர்கள் 11,000 டாலர் பட்ஜெட்டோடு வந்திருந்தார்கள். அதே கரையில் ஃபீனிக்ஸ் நகரத்தின் கார்ல் ஹேடன் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நான்கு பையன்கள். மெக்ஸிகோவிலிருந்து குடியேறிய எளிய குடும்பத்துப் பிள்ளைகள். திரட்ட முடிந்தது சுமார் 800 டாலர். பள்ளிகளுக்கென்று தனிப் பிரிவு இருந்தும், ஆசிரியர்கள் ஃப்ரெடி லஜ்வர்தியும் ஆலன் கேமரூனும் அவர்களைக் கல்லூரிப் பிரிவிலேயே இறக்கிவிட்டார்கள்.

பி.வி.சி. குழாய்களை ஒட்டிச் செய்த ரோபோ அது. பசையின் நெடி தாங்காமல் 'ஸ்டிங்கி' என்று பெயர் வைத்தார்கள். நாற்றம் பிடித்தது என்று அர்த்தம். குழாய் மலிவு என்பது மட்டுமல்ல விஷயம். உள்ளே அடைபட்ட காற்று ரோபோவை மிதக்க வைக்கும், ஒயர்களும் நனையாமல் அதற்குள்ளேயே போகும். ஒரே பொருளுக்கு மூன்று வேலை!

எனக்கு மிகவும் பிடித்தது அவர்களுடைய லேசர் அளவுக் கருவி. போட்டியில், குளத்தில் மூழ்கியிருந்த ஒரு மாதிரி நீர்மூழ்கிக் கப்பலின் நீளத்தை அளக்க வேண்டும்; கையிலிருந்ததோ காற்றில் அளப்பதற்காகச் செய்த கருவி. தண்ணீருக்குள் ஒளியின் வேகம் காற்றில் இருப்பதில் முக்கால் பங்குதான். போன ஒளி தாமதமாகத் திரும்புவதால், 3 மீட்டர் தூரத்தைக் கருவி 4 மீட்டர் என்று காட்டும். பையன்கள் கருவியைப் பிரித்து மேயவில்லை. காட்டுகிற எண்ணைக் கணக்குப் போட்டுக் குறைத்துக்கொண்டார்கள்.

போட்டிக்கு முன்பு பயிற்சியில், பேட்டரி இருந்த பெட்டிக்குள் தண்ணீர் கசிந்தது. ஒரு சொட்டு சர்க்யூட்டில் பட்டாலும் மாதக்கணக்கான உழைப்பு போச்சு. பெண்கள் மாதவிடாய்க் காலத்தில் பயன்படுத்தும் டாம்பன்களை உள்ளே வைக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. கூச்சத்தோடு கடைக்குப் போன பையன், அங்கிருந்த ஒரு பெண்ணிடம் கேட்டு வாங்கி வந்தான். அகல் விளக்கின் திரி எண்ணெயை உறிஞ்சி ஏற்றுகிறதே, அதே நுண்புழை விசைதான் இங்கும். இழைகளின் நுண்ணிய இடைவெளிகள் தண்ணீரை இழுத்துப் பிடித்துக்கொண்டன. அறுந்த ஒயர்களை இரவெல்லாம் சால்டர் செய்து, காலையில் ரோபோவைக் குளத்தில் இறக்கினார்கள்.

குளத்துப் பணிகளில் அவர்களுக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். எம்.ஐ.டி. அதில் முந்திவிட்டது. ஆனால் மதிப்பெண் குளத்தோடு முடியவில்லை. எழுதிக் கொடுத்த தொழில்நுட்ப அறிக்கைக்கும், பொறியாளர்கள் நடத்திய நேர்காணலுக்கும் சேர்த்துத்தான் தீர்ப்பு. லேசர் தண்ணீருக்குள் எப்படி அளக்கிறது என்று நடுவர்கள் கேட்டார்கள். தண்ணீரில் ஒளியின் வேகம் எவ்வளவு குறைகிறது என்று சொல்லும் ஒளிவிலகல் எண் வரை நால்வரும் தடுமாறாமல் விளக்கினார்கள். ஒவ்வொரு குழாயும் ஒவ்வொரு ஒயரும் ஏன் அந்த இடத்தில் இருக்கிறது என்பது அவர்களுக்கு அத்துப்படி. ஒட்டுமொத்த முதல் பரிசு ஸ்டிங்கிக்குக் கிடைத்தது, எம்.ஐ.டி.க்கு இரண்டாம் இடம். 2015-ல் 'ஸ்பேர் பார்ட்ஸ்' என்று ஹாலிவுட் இதைப் படமாகவே எடுத்தது.

உங்கள் வீட்டுப் பிள்ளை ரோபோ ஒன்றைச் செய்துகொண்டு வந்து காட்டும்போது, இதை ஏன் இந்த இடத்தில் வைத்தாய் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை சொல்லி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.